சுண்டுவிரல் திடீரென மடங்கவில்லை: சேராத எலும்பு முறிவு காரணமாகுமா?

கேள்வி:
என் தந்தைக்கு வயது 58. சென்ற ஆண்டு டென்னிஸ் ஆடும்போது மட்டையின் பிடி, உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்க அடிப்பகுதியில் பலமாக இடித்தது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாததால் சுளுக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆயினும் எதையாவது இறுகப் பிடித்தால் வலித்துக்கொண்டே இருந்தது. போன வாரம் ஊறுகாய் பாட்டிலைத் திறக்கும்போது ஏதோ விட்டதுபோல் உணர்ந்தார்; அன்றிலிருந்து சுண்டுவிரலின் நுனி மடங்கவில்லை. இப்போது எடுத்த சி.டி. ஸ்கேனில், மணிக்கட்டில் சேராத பழைய முறிவு ஒன்று இருப்பது தெரிந்தது. எலும்பில் உள்ள கோளாறு விரலை எப்படி முடக்கும்?

பதில் 1 (கை பிசியோதெரபிஸ்ட்):
ஹேமேட் என்னும் மணிக்கட்டு எலும்பிலிருந்து உள்ளங்கை நோக்கிக் கொக்கி போன்ற ஒரு நீட்சி உண்டு. கிணற்றுக் கயிறு கப்பியில் திரும்புவதுபோல, சுண்டுவிரலை மடக்கும் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) அந்தக் கொக்கியை ஒட்டித் திரும்புகிறது. கொக்கிக்கு இரத்த ஓட்டம் குறைவு என்பதால், கவனிக்கப்படாத முறிவு பெரும்பாலும் சேர்வதில்லை. சேராத முனை சொரசொரப்பாக நின்று, ஒவ்வொரு முறை பிடி இறுகும்போதும் தசைநாணைத் தேய்த்து, புரி புரியாகப் பிரித்து, கடைசியில் அறுத்துவிடும். வழக்கமான கோணங்களில் எடுக்கும் எக்ஸ்ரேயில் மற்ற எலும்புகளின் நிழல் கொக்கியை மறைத்துவிடுவதால், உங்கள் தந்தைக்கு நேர்ந்தது அபூர்வமன்று. சுண்டுவிரலுக்கு உணர்வு தரும் அல்னார் நரம்பும் கொக்கியின் அருகிலேயே செல்கிறது. சுண்டுவிரலில் மரமரப்பு இருந்தால் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

பதில் 2:
எனக்கு அறுந்தது கட்டைவிரலை நிமிர்த்தும் தசைநாண். முன்கை எலும்பு மணிக்கட்டருகே விலகாமல் லேசாக விரிசல் விட்டிருந்தது. மாவுக்கட்டுப் பிரித்த சில நாட்களில் கட்டைவிரல் தொங்கிவிட்டது. விலகாத முறிவில்தான் இது அதிகம் நிகழும் என்றார் அறுவை மருத்துவர். எனக்கு அது இன்றும் வியப்பு. சுட்டுவிரலை நிமிர்த்தத் தசைநாண்கள் இரண்டு இருப்பதால், ஒன்றை எடுத்துக் கட்டைவிரலில் இணைத்தார்கள்.

கேட்டவர்:
அறுந்த இரு முனைகளையும் சேர்த்துத் தைத்துவிட முடியாதா?

பதில் 1:
கத்தியால் வெட்டுண்டதாக இருந்தால் தைக்கலாம். தேய்ந்து அறுந்த முனைகள் நைந்திருப்பதாலும், தசை நாளாக நாளாகச் சுருங்கி முனையை மேலே இழுத்துவிடுவதாலும், அதை மோதிரவிரலின் தசைநாணோடு பக்கவாட்டில் இணைப்பதோ வேறிடத்துத் தசைநாணை ஒட்டுவதோதான் வழக்கம். சேராத கொக்கித் துண்டையும் அப்போதே அகற்றிவிடுவார்கள். அதை விட்டுவைத்தால் புதிய இணைப்பும் அதன்மேல் தேயும். அறுவை நாள் வரை அந்தக் கையால் எதையும் இறுகப் பிடிக்க வேண்டாம். அடுத்திருக்கும் மோதிரவிரல் தசைநாணும் அதே முனையில் உராயக்கூடும்.