பின் சக்கரத்தில் "ஊ..." என்று இரைச்சல்: பேரிங்கா, டயரா?

சேலத்துக்காரன்:
வணக்கம் நண்பர்களே. ஏழு வருஷ பெட்ரோல் ஹேட்ச்பேக், 62,000 கிமீ ஓடியிருக்கு. முன்சக்கர இழுவை, பின்னாடி டிரம் பிரேக், டயர் 185/65 ஆர்15. கொஞ்ச நாளா 50 தாண்டினா பின்னாடி இடது பக்கத்திலிருந்து "ஊ..."ன்னு இரைச்சல். 70, 80ல உச்சம். ஓடும்போதே நியூட்ரலுக்குத் தள்ளிப் பார்த்தேன், சத்தம் மாறல. அதனால இன்ஜினோ கியர்பாக்ஸோ இல்லன்னு நினைக்கிறேன். வொர்க்‌ஷாப்ல ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து, "பின்னாடி ரெண்டு பக்கமும் பேரிங் மாத்தணும்"னு சொல்லிட்டாங்க. ஜாக்கி போட்டுத் தூக்கிக்கூடப் பாக்கல. மாத்திடலாமா? அடுத்த வாரம் குடும்பத்தோட திருச்செந்தூர் போகணும்.

ஸ்பேனர் செல்வா:
தம்பி, நீங்க சொல்றது அத்தனையும் பேரிங் அடையாளம்தான். வேகத்தோட ஏறுது, இன்ஜினுக்குச் சம்பந்தம் இல்ல, ஒரே பக்கத்திலிருந்து வருது. இன்னும் உறுதி வேணும்னா காலியான ரோட்டுல 50ல போய் ஸ்டியரிங்கை லேசா வலது பக்கம் வளைங்க. அப்போ பாரம் இடது சக்கரத்துல இறங்கும். சத்தம் கூடுச்சுன்னா இடது பேரிங். இடது பக்கம் வளைக்கும்போது குறைஞ்சா சந்தேகமே வேண்டாம். பேரிங் முத்திப்போனா சூடேறும், சக்கரம் ஆட ஆரம்பிக்கும், கடைசியில பிடிச்சுக்கும். குடும்பத்தை ஏத்திட்டு அவ்வளவு தூரம் போற வண்டி. மாத்திட்டுக் கிளம்புங்க.

டயர்க்கடை மணி:
செல்வா அண்ணே, இதை நான் ஒத்துக்க மாட்டேன். டயரைக் கையால தொட்டுப் பாக்காம பேரிங்னு எப்படி முடிவு பண்றது? முன்சக்கர இழுவை வண்டில பின் டயர் பாரமும் கம்மியா வாங்கும், இழுவையும் கிடையாது, சும்மா உருண்டுக்கிட்டே வரும். ரொட்டேஷன் (முன் டயரையும் பின் டயரையும் இடம் மாத்திப் போடுறது) பண்ணாம பின்னாடியே விட்டா டயர் மேல இருக்கிற ஒவ்வொரு ரப்பர் கட்டையும் ஒரு முனை உயர்ந்து மறு முனை தேய்ஞ்சு ரம்பப் பல் மாதிரி ஆயிடும். அந்தப் பல் ஒவ்வொண்ணும் ரோட்டுல அடிக்கிற சத்தம் சேர்ந்து "ஊ..."ன்னுதான் கேக்கும். எங்க கடைக்கு புது பேரிங் போட்டுட்டும் சத்தம் போகாம வர்ற வண்டிகளை அடிக்கடி பாக்குறேன். மனசு கஷ்டமா இருக்கும்.

தம்பி, வண்டியை நிறுத்தி, டயர் ஆறினதும் உள்ளங்கையை டயரைச் சுத்தி ஒரு திசையில தடவுங்க, அப்புறம் எதிர்த்திசையில தடவுங்க. ஒரு பக்கம் வழவழன்னு போய், திரும்பி வரும்போது நெருடினா அதுதான் ரம்பப் பல். உள் ஓரத்தைக் கட்டாயம் தடவணும், வெளியில நின்னு பாத்தா அது தெரியாது. தேய்ஞ்ச டயர்ல கம்பி நீட்டிக்கிட்டு இருந்தா கையைக் கிழிச்சிடும், மொதல்ல கண்ணால பாத்துக்குங்க. அதோட தார் ரோட்டிலிருந்து கான்கிரீட் ரோட்டுக்கு மாறும்போது காது கொடுங்க. டயர்ச் சத்தம் ரோட்டுக்கு ரோடு தொனி மாறும். பேரிங் சத்தம் அப்படி மாறாது.

மலைப்பாதை:
பிரேக்கையும் பாத்துடுங்க. ஹேண்ட்பிரேக் கேபிள் இறுகி பிரேக் ஷூ டிரம்மை உரசிக்கிட்டே இருந்தாலும் சத்தம் வரும். கொஞ்ச தூரம் ஓட்டிட்டு, பிரேக்கை அதிகம் மிதிக்காம நிறுத்தி, ரெண்டு பின் சக்கரத்துப் பக்கத்துலயும் புறங்கையைக் காட்டுங்க. தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அனலடிச்சா அங்க விஷயம் இருக்கு.

ஸ்பேனர் செல்வா:
உரசல் "கரகர"ன்னு கேக்கும், இவர் சொல்றது இரைச்சல். மணி தம்பி, டயர்னா ஒரே பக்கம் மட்டும் ஏன் வருது? ரெண்டு டயரும் ஒரே நாள்ல போட்டதுதானே?

டயர்க்கடை மணி:
ஒரு பக்க ஷாக் அப்சார்பர் ஆயில் கசிஞ்சிருந்தா அந்தப் பக்க டயர் மட்டும் குதிச்சுக் குதிச்சு பள்ளம் பள்ளமா தேயும். அப்புறம் உங்க ஸ்டியரிங் சோதனைல ஒரு ஓட்டை இருக்கு அண்ணே. பாரம் இறங்கினா பேரிங் மட்டுமில்ல, தேய்ஞ்ச டயரும் கூடுதலாத்தான் சத்தம் போடும். அதை மட்டும் வெச்சு ரெண்டையும் பிரிக்க முடியாது.

கார்க்காரி கவிதா:
எந்தப் பக்கம்ங்கிறதையே நம்பாதீங்க. இந்த வகை வண்டில ரெண்டு பின் சக்கரத்தையும் ஒரே பீம் (குறுக்குச் சட்டம்) இணைக்குது. வலது பக்கச் சத்தம் அது வழியா ஏறி இடது பக்கம் கேக்கும். அதுவும் ஹேட்ச்பேக்ல டிக்கிக்கும் சீட்டுக்கும் நடுவுல தடுப்பு கிடையாது. வேற யாரையாவது ஓட்டச் சொல்லிட்டு, நீங்க பின் சீட்டுல ரெண்டு ஓரத்துலயும் மாறி மாறி உக்காந்து கேளுங்க.

தூக்கிப் பாக்குறதா இருந்தா: பின் சக்கரம் சுத்த ஹேண்ட்பிரேக்கை இறக்கணும். அதனால முதல் கியர் போட்டு, முன் சக்கரம் ரெண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வெச்சிடுங்க. ஜாக்கியை மட்டும் நம்பி உள்ள கை விடாதீங்க, கீழ ஸ்டாண்ட் இருக்கணும். ஒருத்தர் சக்கரத்தைச் சுத்திவிட, இன்னொருத்தர் காயில் ஸ்பிரிங் மேல விரல் வைக்கணும். பேரிங் உள்ள சொரசொரப்பா இருந்தா அந்த அதிர்வு ஸ்பிரிங்ல வரும். நல்ல பக்கத்துல ஒண்ணுமே தெரியாது. ரெண்டு பக்கமும் செஞ்சு ஒப்பிட்டாதான் இதுக்கு அர்த்தம்.

சேலத்துக்காரன்:
தெரிஞ்ச பஞ்சர் கடையில தூக்கிப் பாத்தோம். மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினா ரெண்டு சக்கரத்துலயும் ஆட்டம் இல்ல. பின் டயர் ரெண்டுலயும் உள் ஓரத்துல மணி அண்ணன் சொன்ன நெருடல் இருக்கு. அனல் இல்ல. அப்போ பேரிங் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?

ஸ்பேனர் செல்வா:
இல்ல தம்பி. இங்கதான் பலர் ஏமாறுறாங்க. இப்போ வர்றது மூடின பேரிங். உள்ள உருளுற பாதையில சின்னதா பொரிவு விழுந்தாலே இரையும். ஆட்டம் வர்ற அளவுக்குத் தேய அதுக்கப்புறம் நாள் ஆகும். ஆட்டம் இருந்தா கெட்டதுன்னு சொல்லலாம். ஆட்டம் இல்லாததால நல்லதுன்னு சொல்லவே முடியாது. கவிதா சொன்ன ஸ்பிரிங் சோதனையைச் செஞ்சீங்களா?

டயர்க்கடை மணி:
நெருடல் இருக்கு, ஆட்டம் இல்ல. எனக்கு இது டயர்தான். ஒரு பைசா பார்ட் வாங்காம நிரூபிக்கலாம். இடது பின் டயரை இடது முன்னுக்கும், வலது பின் டயரை வலது முன்னுக்கும் மாத்தி, அதே ரோட்டுல அதே வேகத்துல ஓட்டுங்க. சத்தம் உங்க காலடிக்கு வந்துட்டா டயர். பின்னாடியே நின்னுட்டா நான் பேசல.

சேலத்துக்காரன்:
மாத்தி ஓட்டினேன். முன்னாடி லேசா ஒரு "உர்ர்" புதுசா வருது, ஆனா அந்தப் பெரிய இரைச்சல் பின்னாடியேதான் இருக்கு. திரும்பத் தூக்கி, ஸ்டாண்ட் வெச்சு, ஸ்பிரிங்ல விரல் வெச்சோம். இடது பக்கம் மணல் அரைபடுற மாதிரி விரலுக்குத் தெளிவா தெரியுது. வலது பக்கம் சுத்தமா ஒண்ணுமில்ல.

டயர்க்கடை மணி:
அப்போ இடது பேரிங். சரி. ஆனா ரெண்டு பக்கமும் எதுக்கு? வலது நல்லா இருக்குன்னு விரலே சொல்லுதே.

ஸ்பேனர் செல்வா:
ரெண்டும் ஒரே வயசு, ஒரே தூரம் ஓடினது. இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு இன்னொண்ணு. ஒரே வேலையா முடிச்சிடலாமே.

கார்க்காரி கவிதா:
செல்வா அண்ணா, பேரிங் வயசால மட்டும் போறதில்ல. இடது சக்கரம் ரோட்டோரத்துல ஓடுது. பள்ளம், தார் உடைஞ்ச விளிம்பு, மழைத் தண்ணி எல்லாம் அதுக்குத்தான் அதிகம். பேரிங்கை மூடியிருக்கிற சீல் வழியா தண்ணி இறங்கினா ஒரு பக்கம் மட்டும் போறது சகஜம். நல்லா இருக்கிற பேரிங்கைக் கழட்டி எடுக்கும்போதே அது கெட்டுடலாம். நான் இடது மட்டும்தான் மாத்துவேன்.

ஸ்பேனர் செல்வா:
நான் ரெண்டும் மாத்துவேன். தம்பி இஷ்டம். ஆனா எதை மாத்தினாலும் நீங்க பக்கத்துல நில்லுங்க. சில வண்டில பேரிங் டிரம்முக்குள்ளயே இருக்கும், சிலதுல ஹப்போட (சக்கரம் மாட்டுற நடுப்பகுதி) சேர்ந்து போல்ட்ல வரும். டிரம்முக்குள்ள இருந்தா பிரஸ்ல (அழுத்துற மெஷின்) வெச்சு வெளி வளையத்தை மட்டும் அழுத்தி ஏத்தணும். உள் வளையத்துல அடி விழுந்தா புது பேரிங்கும் முதல் நாளே இரையும். சுத்தியலை எடுத்தாங்கன்னா நிறுத்திடுங்க. உங்க வண்டில ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்காம தடுக்கிற வசதி) இருந்தா, பேரிங்கோட ஒரு பக்க சீல்லயே காந்த வளையம் இருக்கலாம். அது சென்சார் பக்கம் பாக்கணும். திருப்பிப் போட்டா ஏபிஎஸ் விளக்கு எரியும், திரும்பவும் கழட்டணும். நடு நட்டு புதுசு போடச் சொல்லுங்க, கம்பெனி மேனுவல்ல இருக்கிற அளவுக்கு டார்க் ரெஞ்ச்ல (இறுக்கத்தை அளந்து காட்டுற ஸ்பேனர்) இறுக்கணும்.

சேலத்துக்காரன்:
இடது மட்டும் மாத்துறேன் அண்ணே. நாளைக்கு வேற கடையில நேரம் வாங்கியிருக்கேன், பிரஸ் வெச்சிருக்காங்கன்னு கேட்டுக்கிட்டேன். மணி அண்ணே, முன்னாடி போட்ட அந்த டயரைத் திரும்பப் பின்னாடியே போடணுமா?

டயர்க்கடை மணி:
வேண்டாம், முன்னாடியே இருக்கட்டும். அங்க பிரேக்கும் இழுவையும் விழறதால அந்தப் பல் கொஞ்சம் கொஞ்சமா சமமாகும். ஆனா உள் ஓரத்துல ரப்பர் கட்டைகளுக்கு நடுவுல இருக்கிற பள்ளத்தோட ஆழம் 1.6 மிமீ கிட்ட வந்திருந்தா திருச்செந்தூருக்கு அந்த டயர்ல போகாதீங்க. அளந்துட்டு இங்க எழுதுங்க.