சராசரி இறப்பு வயது 15 என்றால் லிவர்பூலில் மூட்டை தூக்கியது யார்?

பழைய ஏடு:
இங்கிலாந்தின் சுகாதாரச் சீர்திருத்தவாதி எட்வின் சாட்விக் 1842இல் வெளியிட்ட சுகாதார அறிக்கையைப் படித்ததிலிருந்து ஒரு எண் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. லிவர்பூலில் வசதியானவர்களின் சராசரி இறப்பு வயது 35, தொழிலாளர் குடும்பங்களில் 15. கிராமப்பகுதியான ரட்லாண்டில் தொழிலாளர்களுக்கே 38. 15 வயதில் எல்லோரும் போய்ச்சேர்ந்தால் துறைமுகத்தில் வேலை செய்தது யார்? அப்புறம் 1870களின் இறப்புப் பதிவுகள் சிலவற்றையும் பார்த்தேன். ஓர் ஆகஸ்ட் மாதப் பதிவு: ஏழு மாத ஆண் குழந்தை, தொழில் கட்டத்தில் "துறைமுகக் கூலியின் மகன்", காரணம் "பல் முளைத்தல்". தகவல் சொன்ன தாய்க்கு எழுதத் தெரியாது போல, கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி. பல் முளைத்து யாராவது சாவார்களா?

மழைக்குருவி:
பெரியவர்கள் 15 வயதில் சாகவில்லை. ஒரு வீட்டில் 55 வயதுக்காரர் ஒருவரும் ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தைகள் மூவரும் இறந்தால் சராசரி 14 சொச்சம்தான் வரும். அந்த 15க்குள் இருப்பதெல்லாம் குழந்தைகள். இங்கிலாந்து முழுவதுக்குமே பிறந்த 1000 குழந்தைகளில் 150 பேர் அளவுக்கு முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை, அந்த நூற்றாண்டு முடியும்வரை அது பெரிதாகக் குறையவும் இல்லை.

நீங்கள் பார்த்த பதிவில் மாதத்தைக் கவனியுங்கள். ஆகஸ்ட். கோடை வயிற்றுப்போக்கின் காலம். பல் வரும் வயதும் தாய்ப்பாலோடு வேறு பால் கொடுக்கத் தொடங்கும் வயதும் ஒன்று என்பதால் பழி பல்லின்மேல் விழுந்தது. அப்போது பரவலாக இருந்த பால் புட்டியில் நீளமான ரப்பர் குழாய் இருக்கும், குழந்தை தானே சப்பிக் குடிக்கும், தாய் வேலையைப் பார்க்கலாம். அந்தக் குழாயின் உட்புறத்தை எப்படிக் கழுவுவது? பழைய பால் உள்ளேயே திரிந்து ஒட்டிக்கிடக்கும், மறுவேளைப் பால் அதன் வழியாகத்தான் வரும். அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கரிப்புகை:
காரணக் கட்டத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். பதிவு 1837இலேயே தொடங்கினாலும் மருத்துவர் சான்று கட்டாயமானது 1874ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். "வலிப்பு", "பலவீனம்" என்பதெல்லாம் வீட்டார் கண்ணால் பார்த்தது, நோயின் பெயர் அல்ல. டைஃபஸையும் டைஃபாய்டையும்கூட 1869 வரை பிரித்துக் கணக்கிடவில்லை. ஒன்று பேனால் வருவது, மற்றது மலம் கலந்த தண்ணீரால், இரண்டும் ஒரே தலைப்பின்கீழ் இருந்தால் எந்தத் தெருவில் எதைச் சரிசெய்வது? இன்னொன்று, காலராவைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். ஆனால் வருடம் தவறாமல் வளர்ந்தவர்களைக் கொண்டுபோனது காசநோய்.

நிலவறை:
லிவர்பூல் என்பதால் 1847ஐச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பஞ்சத்துக்குத் தப்பி அயர்லாந்திலிருந்து அந்த ஒரு வருடத்தில் சுமார் 3 லட்சம் பேர் வந்திறங்கினார்கள், இடமில்லாமல் நிலவறைகளில் அடைந்தார்கள், டைஃபஸ் பரவியது, நோயாளிகளைப் பார்க்கப் போன கத்தோலிக்கப் பாதிரியார்களில் 10 பேர் இறந்தார்கள். நாட்டின் முதல் நகர சுகாதார அதிகாரியாக டாக்டர் டங்கன் பொறுப்பேற்றதும் அதே 1847 ஜனவரியில்தான். கெட்ட காற்றுதான் நோய் என்று நம்பியவர் அவர். நம்பிக்கை தவறு, ஆனால் நிலவறைகளைக் காலி செய்ததும் சாக்கடை கட்டச் சொன்னதும் சரி.

அவருக்கும் முன்னால் கிட்டி வில்கின்சன். 1832 காலராவின்போது தன் வீட்டுக் கொதிகலனை அக்கம்பக்கத்தாருக்குத் திறந்துவிட்டு, நோயாளிகளின் துணியை வெந்நீரில் துவைக்க வைத்தவர். அதைத் தொடர்ந்துதான் 1842இல் பொதுச் சலவைக்கூடம் வந்தது. துணியை வெந்நீரில் போட்டால் பேனும் சாகும். டைஃபஸைப் பரப்புவது பேன்தான் என்று 1909இல்தான் கண்டுபிடித்தார்கள்.

பழைய ஏடு:
எல்லோருக்கும் நன்றி. மறுபடியும் பதிவுகளை எடுத்து, காரணத்தை விட்டுவிட்டு மாதத்தையும் வயதையும் மட்டும் எழுதிக்கொண்டு வருகிறேன். முதல் பக்கத்திலேயே ஆகஸ்ட், செப்டம்பரில் ஒரு வயதுக்குக் கீழே வரிசையாக வருகிறது.