மறு: சல்போசால்ட்: களச்சீட்டில் எழுதத் தமிழ்ச்சொல்

வணக்கம்.

சல்போசால்ட் (sulfosalt) என்ற கனிம வகுப்புக்கு, களத்தில் எடுத்த மாதிரியோடு வைக்கும் சீட்டில் எழுதத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தீர்கள். ‘கந்தக உப்பு’ போதும் என்று வந்த யோசனை களத்தில் நிற்காது. பள்ளி வேதியியல் படித்தவர் அதைச் சல்பேட்டு என்றே எடுத்துக்கொண்டு துத்தம், ஜிப்சம் பக்கம் போய்விடுவார். கையில் இருப்பதோ ஈயச்சாம்பல் நிறத்தில் உலோகப் பளபளப்புள்ள கனிமம்.

சல்போசால்ட் என்றால் வெள்ளி, செம்பு, ஈயம் போல ஓர் உலோகம், ஆர்சனிக், ஆன்டிமனி, பிஸ்மத் மூன்றில் ஒன்று, கூடவே கந்தகம். ஆர்சனிக் முதலான அந்த நடு உறுப்பு நேரயனியாக நடந்துகொள்ள வேண்டும். ஆர்சனோபைரைட் என்ற இரும்புக் கனிமத்தில் ஆர்சனிக் கந்தகத்தோடு எதிரயனிப் பக்கம் சேர்ந்துவிடுவதால் அது இந்த வகுப்பில் வராது. ஆர்சனிக் போல உலோகத்துக்கும் அலோகத்துக்கும் இடைப்பட்டது உலோகப்போலி; எனவே என் முன்மொழிவு: ‘உலோகப்போலிச் சல்பைடு’. தமிழில் தொகைச்சொல்லின் கடைசிப் பகுதிதான் இனத்தைச் சொல்லும். இது சல்பைடு குடும்பம்.

---

ஐயா, அப்படி வைத்தால் மனோசிலையும் தாளகமும் முதல் ஆளாக உள்ளே வந்துவிடும். இரண்டும் ஆர்சனிக் சல்பைடுகள், உலோகமே கிடையாது. பிஸ்மத்தோ உலோகப்போலியே அல்ல.

களத்திலும் எது எந்தக் கனிமம் என்ற குழப்பம் உண்டு. சுவிட்சர்லாந்தின் பின் பள்ளத்தாக்கில் உள்ள லெங்கன்பாக் கற்சுரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை போன்ற வெள்ளை டோலமைட் பாறையில் சார்ட்டரைட், டூஃபிரெனாய்சைட், பாம்ஹவரைட், ஜோர்டனைட் ஆகிய ஈயம்–ஆர்சனிக் சல்போசால்ட்டுகளும், வெறும் ஈயச் சல்பைடான கலீனாவும் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். மோஸ் அளவில் கடினத்தன்மையும் ஏறக்குறைய 3. கலீனா மட்டும் 2.5. அடர்த்தி கலீனாவுக்கு 7.6, சார்ட்டரைட்டுக்கு 5.1 என்றாலும், பாறையில் பதிந்த மில்லிமீட்டர் படிகத்தை எப்படி எடை போடுவது? முதலில் கலீனாவைக் கழிக்க வேண்டும். 10 மடங்கு லென்ஸில் செங்கோணப் படிக்கட்டுப் பிளவு தெரிந்தால் அது கலீனா.

அடுத்து கீற்று, அதாவது கனிமத்தூளின் நிறம். படிக முகத்தைத் தேய்த்துப் பாழாக்காதீர்கள். உடைந்த துணுக்கு ஒன்றை ஊசியால் எடுத்து, மெருகிடாத பீங்கான் துண்டுகள் இரண்டுக்கு நடுவே நசுக்குங்கள். குவிந்த தூள் எல்லாமே கறுப்பாகத் தோன்றும். மெல்லிய படலமாக இழுத்தால்தான் நிறம் வெளிப்படும். செம்பழுப்பு என்றால் சார்ட்டரைட், டூஃபிரெனாய்சைட், பாம்ஹவரைட் கூட்டம். கறுப்பாகவே நின்று, முகத்தில் இரட்டுறல் வரிகளும் (இரட்டைப் படிகங்கள் ஒட்டி வளர்ந்த கோடுகள்) தெரிந்தால் ஜோர்டனைட்டாக இருக்கலாம். மனோசிலைத் துகள் ஒன்று ஒட்டியிருந்தாலும் அதன் ஆரஞ்சுத்தூள் கலந்து பொய்ப் பழுப்பு காட்டும்; அதே பாறையில் அது தாராளம். டோலமைட் ஒட்டினால் கீற்று வெளிறும். எனவே நசுக்குமுன் துணுக்கை லென்ஸில் ஒருமுறை பாருங்கள். ஊதுகுழலில் சுட்டுப் பூண்டு வாடை பார்க்கும் பழைய முறை வேண்டவே வேண்டாம்: ஆர்சனிக் புகை. தேய்த்த கையைக் கழுவாமல் சாப்பாட்டைத் தொடாதீர்கள்.

செம்பழுப்புக் கூட்டத்துக்குள் எந்த இனம் என்பதை எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு (diffraction) போன்ற ஆய்வகச் சோதனைதான் சொல்லும். ஆகவே நமக்கு வேண்டியது வகுப்புப் பெயர். இனத்தை அறிந்ததுபோல் காட்டாத பெயர். ‘சல்போ உப்பு’ என்கிறேன். ‘இரட்டை உப்பு’, ‘அணைவு உப்பு’ ஏற்கெனவே பாடநூலில் இருப்பதால் இது அந்நியமாக ஒலிக்காது.

---

உலோகப்போலியை விட்டுவிடுகிறேன். ‘சல்போ’ ஒலிபெயர்ப்பு என்பது உறுத்தினாலும், ‘கந்தக’ என்றால் மறுபடி சல்பேட்டுதான். ஆனால் ‘உப்பு’ என்றதும் தண்ணீரில் கரையுமா என்று கேட்பார்கள். சொற்பட்டியலில் ‘நீரில் கரையாதது’ என்று சேர்க்க வேண்டும். சீட்டில் இப்படி எழுதலாம்: ‘சல்போ உப்பு, ஈயம்–ஆர்சனிக் வகை, கீற்று செம்பழுப்பு, இனம் உறுதியாகவில்லை’. ஈயம்–ஆர்சனிக் என்பதை இடம் தெரிந்தால் மட்டும் எழுதுங்கள். கீற்று அதைச் சொல்லாது.