பிங்க் ஃபிளாய்டின் ‘மணி’ லூப்: ஸ்கேல் வைத்து அளந்து வெட்டியும் தட்டு ஏன் தள்ளாடுகிறது?

ஏழுதட்டு எழுதியது:

பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ (1973) ஆல்பத்தில் ‘மணி’ பாட்டு தொடங்கும்போது வரும் காசுச் சத்த லூப்பை (இரு முனையையும் ஒட்டி வளையமாகச் சுற்றவிடும் டேப்), கம்ப்யூட்டர் இல்லாமல் கால் அங்குல டேப்பிலேயே செய்யப் பார்க்கிறேன். டிரம்மர் நிக் மேசன் தன் புத்தகத்தில் செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறார். பழைய பென்னிகளில் துளை போட்டு நூலில் கோத்தது ஒரு சத்தம். குழுவின் பாஸ் கிட்டாரிஸ்ட் ரோஜர் வாட்டர்ஸின் அப்போதைய மனைவி மண்பாண்ட வேலைக்கு வைத்திருந்த கலவைப் பாத்திரத்தில் காசைச் சுழலவிட்டது இன்னொன்று. காகிதம் கிழித்தது மைக் முன்னால். கல்லாப்பெட்டிச் சத்தம் ஒலி நூலகத்தில் எடுத்தது. எல்லாவற்றையும் ஸ்கேலால் அளந்து, ஒரே நீளத்துக்கு வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

மெஷின் வேகம் விநாடிக்கு 7½ அங்குலம். நிமிடத்துக்கு 120 தட்டு (தாளத்தின் அடி) என்று வைத்து ஒரு துண்டு 3¾ அங்குலம், மொத்தம் 7 துண்டு. நீளம் எல்லாம் சரியாக இருந்தும் காகிதம் பிந்துகிறது, கல்லா மணி முந்துகிறது. கொஞ்ச நேரம் ஓடியதும் மொத்த லூப்பும் இழுவையாகிறது. கணக்கில் தப்பா, கையில் தப்பா?

ஸ்பூல் எழுதியது:

கணக்கு சரிதான். 120 தட்டில் ஒரு தட்டு அரை விநாடி, உங்கள் வேகத்துக்கு 95 மி.மீ. டேப். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் சத்தம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள், கோளாறு அங்கேதான். ஒரே நீளம் என்று மேசன் சொன்னதோடு நிறுத்திக்கொண்டார். அது நினைவுக்குறிப்பு, ஒர்க்‌ஷாப் மேனுவல் இல்லையே.

காசு மோதும் சத்தம் முதல் கணத்திலேயே உச்சத்துக்குப் போய்விடும். காகிதம் மெல்லத் தொடங்கி ஏறும். கிழிசல் ஆரம்பித்த இடத்தில் வெட்டினால், காது ‘இதுதான் தட்டு’ என்று எடுத்துக்கொள்ளும் உச்சம் வருவதற்குள் டேப் ஒன்றரை, இரண்டு செ.மீ. ஓடியிருக்கும். உங்கள் வேகத்தில் 1 மி.மீ. என்பது 5 மில்லி விநாடி. 2 செ.மீ. என்றால் 100 மில்லி விநாடிக்கு மேல், யார் காதுக்கும் தட்டுப்படும். கல்லா அதற்கு நேர் எதிர். அதில் இரண்டு சத்தம்: முதலில் பொத்தானின் ‘டக்’, பிறகு மணியின் ‘டிங்’. அநேகமாக நீங்கள் டக்கை வெட்டி எறிந்துவிட்டு, டிங்கைத் துண்டின் ஓரத்திலேயே வைத்திருக்கிறீர்கள். மற்ற சத்தங்கள் உள்ளே தள்ளி இருக்க இது மட்டும் ஓரத்தில் இருந்தால் முந்தத்தான் செய்யும்.

வெட்டுவதற்கு முன்னால் இரண்டு ரீலையும் கையால் முன்னும் பின்னும் மெல்ல ஆட்டி, உச்சம் பிளேபேக் ஹெட்டின் (டேப்பிலிருந்து ஒலியைப் படிக்கும் பாகம்) இடுக்குக்கு நேராக வரும் இடத்தை டேப்பின் பின்பக்கத்தில் மெழுகுப் பென்சிலால் குறியுங்கள். ஏழு சத்தத்துக்கும் அந்தக் குறி துண்டின் தொடக்கத்திலிருந்து 20 மி.மீ. உள்ளே இருக்கட்டும், மீதி 75 மி.மீ. வாலுக்கு. கல்லாவின் டக்குக்கும் காகிதத்தின் ஏற்றத்துக்கும் அந்த 20 போதும்.

பலர் சறுக்குவது இன்னொரு இடத்தில். டேப் இடமிருந்து வலமாக ஓடுகிறது, ஆகவே முதலில் ஒலிக்க வேண்டியது வலது முனை. 20 மி.மீ.யை குறிக்கு வலப்பக்கம் அளக்க வேண்டும், இரண்டாவது துண்டை முதல் துண்டின் இடப்பக்கம் ஒட்ட வேண்டும். எழுதுகிற பழக்கத்தில் இடமிருந்து வலமாக வரிசையாக ஒட்டினால் ஏழு சத்தமும் தலைகீழ் வரிசையில் வரும்.

வெட்டு 45 டிகிரியில் இருக்கட்டும். கால் அங்குல அகலத்துக்கு அந்தச் சாய்வு மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் 33 மில்லி விநாடி வித்தியாசம் கொடுக்கும். ஸ்டீரியோவில் ஒரு சேனல் முதலில் மாறும், மற்றது பின்னால் வரும். உச்சம் 20 மி.மீ. உள்ளே இருப்பதால் அது காதில் படாது. நேர் வெட்டு வெட்டினால் ஒவ்வொரு ஒட்டிலும் ‘டொக்’ கேட்கும். பிளேடு காந்தம் ஏறியிருந்தாலும் அதே ‘டொக்’தான், காந்தத்தை நீக்கும் டீமேக்னடைஸரைக் காட்டிவிட்டு வெட்டுங்கள். ஸ்பிளைஸிங் டேப்பை (துண்டுகளை இணைப்பதற்கென்றே உள்ள ஒட்டு டேப்) பின்பக்கத்தில் மட்டும் ஒட்டுங்கள். சாதா செலோ டேப் மட்டும் வேண்டவே வேண்டாம். பசை கசிந்து ஹெட்டில் பிடித்துக்கொள்ளும், லூப் நிமிடத்துக்கு 17 தடவை அதே இடத்தைத் தேய்க்கும்.

இழுவைக்கு வருவோம். 7 துண்டும் சேர்த்தால் 66 செ.மீ.தான், ரொம்பக் குட்டையான வளையம். அதை எதில் மாட்டியிருக்கிறீர்கள்? மைக் ஸ்டாண்டின் சொரசொரப்பான குழாயில் மாட்டி இறுக்கினால், டேப்பை இழுக்கும் கேப்ஸ்டன் தண்டும் அதோடு டேப்பை அழுத்திப் பிடிக்கும் பிஞ்ச் ரோலர் என்ற ரப்பர் உருளையும் டேப்பை வழுக்கவிடும், வேகம் குறையும். தளர்த்தினால் டேப் ஹெட்டை விட்டு விலகும், காசின் கூர்மை போய்ச் சத்தம் மங்கும். பளபளப்பான, உருளுகிற எதையாவது ஹெட்டின் அதே உயரத்தில் வையுங்கள். உயரம் 2 மி.மீ. மாறினாலே டேப் மேலும் கீழும் ஏறி இறங்கும். பிஞ்ச் ரோலர் கண்ணாடி மாதிரி மினுங்கினால் அதுதான் குற்றவாளி. டென்ஷன் ஆர்ம் (டேப்பின் இறுக்கத்தை உணரும் கை) கீழே விழுந்து மெஷினை நிறுத்தினால் ஒரு ரப்பர் பேண்டில் தூக்கிக் கட்டுங்கள். மெல்லிய லாங் பிளே டேப்பையும் தவிருங்கள், லூப்புக்கு அது நீளும்.

15 அங்குல வேகம் இருந்தால் அதற்கு மாறுங்கள். ஒரு துண்டு 190 மி.மீ., மொத்தம் 133 செ.மீ. மேலே சொன்ன 20ஐ 40 ஆக்குங்கள். கைப்பிழை பாதியாகக் குறையும்.

கிளிக்டிராக் எழுதியது:

ஸ்பூல் சார் சொன்னதோடு பாட்டுப் பக்கத்தையும் சேர்க்கிறேன், ஏன்னா லூப் சரியா வந்தப்புறம் அடுத்த சண்டை அங்கேதான்.

முழுப் பாட்டுக்கும் லூப்பை ஓடவிட்டு அதுமேலே வாசிக்கணும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. ஆல்பம் பதிவான அபே ரோடு ஸ்டூடியோல அப்படி நடக்கலை. பாடல் வரி தொடங்குறதுக்கு முன்னாடியே இன்ஜினியர் ஆலன் பார்சன்ஸ் லூப்பை மெல்லக் குறைச்சு எடுத்துட்டார். அதுக்கப்புறம் பேண்ட் கொஞ்சம் கொஞ்சமா வேகம் ஏறுது. இரண்டாவது சரணத்துக்கும் டிக் பேரியோட சாக்ஸ் சோலோவுக்கும் நடுவுல ஒரு தடவை லூப்பை மறுபடி ஏத்திப் பார்த்திருக்கார், அது தற்செயலா தாளத்தோட பொருந்திடுச்சு. அப்புறம் பாட்டு முடியற வரைக்கும் லூப் கிடையாது. அந்த வேக ஏற்றத்தை எடுத்துட்டா பாட்டு செத்துடும்னு நான் சொல்வேன். கிளிக் (வேகம் மாறாம தட்டுற மெட்ரோனோம் சத்தம்) வெச்சு 120லேயே கட்டிப்போட்ட கவர் வெர்ஷன்கள் ஏன் சப்புன்னு இருக்குன்னா இதான் காரணம்.

கிட்டார் சோலோவுக்கு லூப்பை வெச்சுக்கணும்னு ஆசைப்பட்டாலும் முடியாது. கிட்டாரிஸ்ட் டேவிட் கில்மோர் வாசிக்கிற இடத்துல ஒரு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) நாலு தட்டு. ஏழும் நாலும் 28 தட்டுக்கு ஒரு தடவைதான் சேரும், அதாவது லூப் நாலு சுத்து, பாட்டு ஏழு பார். நடுவுல கல்லா மணி கண்ட இடத்துல விழும்.

மேடையில இதை டேப்புல ஓட்டுறது இன்னும் வம்பு. ஆல்பம் பதிவாகுறதுக்கு முன்னாடி, 1972 ஜனவரி 20, பிரைட்டன் டோம்ல இந்த ஆல்பத்தோட பாட்டுத் தொகுப்பை முதல் தடவை வாசிச்சப்போ தொழில்நுட்பக் கோளாறுல ‘மணி’யிலேயே நின்னுபோச்சு. லைவ்ல போடுற ஆசை இருந்தா இரண்டாவது மெஷின்ல இன்னொரு லூப் ரெடியா சுத்திக்கிட்டு இருக்கட்டும்.

நாலாம்சரம் எழுதியது:

கம்ப்யூட்டரில் செய்கிறவர்களுக்கும் இதே பாடம்தான். 44.1 கிலோஹெர்ட்ஸில் (விநாடிக்கு 44,100 சாம்பிள், அதாவது ஒலி அளவீடு) ஒரு தட்டு 22,050 சாம்பிள், முழு லூப் 1,54,350. கிளிப்பின் தொடக்கத்தை கிரிட்டில் (திரையில் தட்டுகளைக் காட்டும் கோடுகள்) ஒட்டவைக்காதீர்கள், உச்சத்தை ஒட்டவையுங்கள். ஒவ்வொரு வெட்டிலும் 3 மில்லி விநாடி ஃபேட் (சத்தத்தை மெல்ல ஏற்றி இறக்குவது) போடுங்கள். குவாட்ரஃபோனிக் (நாலு ஸ்பீக்கர்) வடிவத்துக்காக அவர்கள் லூப்பை நாலு டிராக்காகப் பிரித்துச் சத்தங்களை அறையைச் சுற்றி நடக்கவிட்டார்கள். அதனால் ஒவ்வொரு சத்தத்தையும் தனி டிராக்கில் வைத்துக்கொண்டால் பிறகு உதவும்.

காசு பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டனில் 1971 பிப்ரவரியில் தசம நாணயம் வந்தது, அதே ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று பழைய பென்னி செல்லாக்காசானது. அது வெண்கலம், 31 மி.மீ. அகலம், 9.4 கிராம். அதே அளவு கனமில்லாத ஸ்டீல் நாணயங்களைக் கோத்தால் ‘கிண் கிண்’ என்று ஒல்லியாக வரும். இந்திய நாணயத்தைத் துளைக்கவும் வேண்டாம், 2011 நாணயச் சட்டம் நாணயத்தைச் சிதைப்பதைத் தடை செய்கிறது. ஹார்ட்வேர் கடையில் 30 மி.மீ. பித்தளை வாஷர் பத்து வாங்கினால் ஓட்டையும் ரெடிமேடாகவே இருக்கும். நூலைத் தளர்வாகக் கட்டுங்கள், இறுக்கினால் அதிர்வு அமுங்கிவிடும்.

ஏழுதட்டு எழுதியது:

குறி வைத்துத் திரும்ப வெட்டியதில் காகிதமும் கல்லாவும் இடத்துக்கு வந்துவிட்டன, நன்றி ஸ்பூல் சார். பிஞ்ச் ரோலர் மினுங்கத்தான் செய்கிறது. அதை ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் துடைக்கலாமா? இன்னொன்று, இது 7/4ஆ 7/8ஆ? இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள்.

ஸ்பூல் எழுதியது:

கேப்ஸ்டனையும் ஹெட்டையும் ஐசோபுரப்பைலில் துடையுங்கள். ரப்பருக்கு அடிக்கடி வேண்டாம், காய்ந்து வெடிக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுத் துடைத்து முழுக்க உலரவிடுங்கள். அதற்கும் மினுமினுப்பு போகவில்லை என்றால் ரோலரை மாற்ற வேண்டியதுதான்.

தாளத்தை 7/4 என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு சத்தத்துக்கு ஒரு தட்டு. திஸ்ர ஜாதி திரிபுட தாளம் போட்டுப் பழகியவர்கள் 7 அட்சரம் என்று எண்ணினாலே போதும். 7/8 என்று எழுதினாலும் டேப்பை வெட்டும் நீளம் மாறாது.