ஊரைவிட்டுப் போகிறவர்களின் படிப்பைத் தீர்மானிப்பது எது?

கேள்வி: முக்கூடல்வாசி

எங்கள் தெருவிலிருந்து துபாய், சவுதி என்று போனவர்களில் பெரும்பாலோர் பத்தாம் வகுப்போ ஐ.டி.ஐ.யோ முடித்தவர்கள். அமெரிக்கா சென்ற இருவரும் பொறியியல் பட்டதாரிகள். நாள் முழுவதும் மடியில் சுளவை வைத்துப் பீடி சுற்றிப் பிழைக்கிற, தெருவிலேயே மிகவும் நலிந்த குடும்பங்களிலிருந்து மட்டும் ஒருவர்கூட எங்கும் போகவில்லை. வறுமைதான் ஆளை ஊரைவிட்டுக் கிளப்புகிறது என்றால் இவர்கள்தானே முதலில் போயிருக்க வேண்டும்?

பதில்: ஓய்வுபெற்ற பொருளாதார ஆசிரியர்

போக வேண்டும் என்ற எண்ணத்தை வறுமை உண்டாக்கலாம். வழிச்செலவுக்குப் பணம் வேறு எங்கிருந்தாவதுதான் வர வேண்டும். ஏற்றத்தாழ்வு மிகுந்த நாட்டில் படித்தவருக்கு உள்ளூரிலேயே நல்ல ஊதியம் கிடைப்பதால், அங்கிருந்து ஏற்றத்தாழ்வு குறைந்த நாட்டுக்குப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் படிப்புக் குறைந்தவர்களாகவே இருப்பார்கள் என்று பொருளாதார அறிஞர் ஜார்ஜ் போர்ஹாஸ் 1987-இல் வாதிட்டார். ஆனால் ஏற்றத்தாழ்வு மிகுந்த மெக்சிகோவிலிருந்து அமெரிக்கா சென்றவர்களை ஆராய்ந்த சிக்கியார், ஹேன்சன் என்ற பொருளாதார அறிஞர்கள், அவர்கள் கல்வியில் அடிமட்டத்தினர் அல்லர், நடுத்தட்டினரே என்று 2005-இல் காட்டினார்கள். அடிமட்டத்தில் இருப்பவருக்குப் பயணச் செலவு கட்டுப்படியாகாது என்பது அதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம். உங்கள் தெருவின் நிலையும் ஏறத்தாழ இதுதான். ஏற்கெனவே போன மாமனோ மச்சானோ விசா அனுப்பி, அறையில் இடமும் கொடுத்தால் செலவு வெகுவாகக் குறையும். அப்போது படிப்பு குறைந்தவர்களும் போகத் தொடங்குவார்கள்.

பதில்: தாமிரபரணிக்கரை

அண்ணாச்சி சொன்னதற்கு நம் பக்கத்துப் பழைய சான்று ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாத ஏழைகள். தோட்டத்துக்கு ஆள் திரட்டும் கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்து, வழிச்செலவையும் தானே ஏற்று அழைத்துச் சென்றதால், கையில் காசில்லாதவரும் புறப்பட முடிந்தது. அந்தச் செலவு தோட்டத்தில் அவர் பெயரில் கடனாக ஏறியது. கடனைத் தீர்த்தால்தான் வேறு தோட்டத்துக்கு மாறலாம் என்று எழுதித் தரும் ‘துண்டு’ முறை 1921 வரை நீடித்தது. ஆகவே, செலவு எவ்வளவு என்பதோடு அதை யார், எப்போது கொடுக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

பதில்: கடையம் பக்கம்

சட்டமும் இதில் ஒரு கோடு கிழிக்கிறது. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் முன்அனுமதி பெற வேண்டும். தேறியவரின் கடவுச்சீட்டுக்கு அந்தத் தடையில்லை. எங்கள் பக்கம் ‘பத்து பாஸானால் போதும்’ என்று பையன்களிடம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்குமேல் படிப்பதால் கொத்தனாருக்கோ ஓட்டுநருக்கோ அங்கே சம்பளம் கூடப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

முகவர் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் வரியும் என்று வரம்பு இருக்கிறது. என் அண்ணன் போனபோது முகவர் ஒருவர் ஒன்றேகால் லட்சம் வாங்கிக்கொண்டு, ரசீது கேட்டதற்குச் சிரித்தார். வீட்டில் ஆறு பவுன் இருந்ததால்தான் அண்ணனால் போகவே முடிந்தது. அதை அடகு வைத்ததும் போதாமல் வட்டிக்கு வேறு வாங்கினோம்.

போகிறவரின் படிப்பைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். அந்தச் செலவு வீட்டிலிருக்கிறவர்களின் படிப்பையும் தொடுகிறது. அண்ணன் பணம் அனுப்பத் தொடங்க எட்டு மாதமானது. அதுவரை வட்டி கட்டுவதற்காக, பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்திருந்த தங்கை பாளையங்கோட்டைக் கல்லூரிக்கு வாங்கிவைத்த விண்ணப்பத்தை நிரப்பாமலேயே பீடி சுற்ற உட்கார்ந்தாள். நகையை மீட்ட வருடம் அவளுக்குக் கல்யாணம்; அந்த ஆறு பவுனைத்தான் போட்டு அனுப்பினோம்.