ரீஃப் டேங்கில் நுண்குமிழி: ஸ்பாஞ்ச் செருகலாமா?

நீலத்திரை
நான்கு அடி ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி), கீழே தண்ணீரைச் சுத்திகரிக்கும் மூன்று அறை சம்ப். இரண்டு வாரமாகத் தண்ணீர் முழுக்கப் பொடிப்பொடியாகக் குமிழி. நீல விளக்கு எரியும்போது பார்த்தால் தூசி பறப்பது போலிருக்கிறது. காலையில் குறைவு, இரவு எட்டு மணிக்கு மேல் உச்சம். போன மாதம் ஸ்கிம்மரை (குமிழியால் கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி) மாற்றினேன், அதனால் அதன்மேல்தான் சந்தேகம். கடைக்காரர், தண்ணீரை மேலே டேங்குக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்புக்கு முன்னால் ஒரு கெட்டி ஸ்பாஞ்சைச் செருகச் சொல்கிறார். செருகலாமா? பவளத்துக்கு ஆபத்து உண்டா?

கொளத்தூர்க்காரன்
தாராளமாகச் செருகுங்கள். கடைசித் தடுப்புக்கு முன்னால் சம்பின் முழு அகலத்துக்கும் வெட்டி வையுங்கள், பத்தே நிமிடத்தில் தெளிந்துவிடும். செலவும் ஒன்றும் பெரிதில்லை.

சம்ப்சித்தர்
பத்து நிமிடத்தில் தெளியும், சரி. பத்து நாளில்? மீன் கழிவும் மிச்சத் தீனியும் அதில் போய்ச் சேர்ந்து அங்கேயே மக்கும், நைட்ரேட் ஏறும். அடைத்த ஸ்பாஞ்சின் மேலே தண்ணீர் வழிந்து விழும், அது புதுசாகக் குமிழி உண்டாக்கும். குமிழி எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.

முதல் வேலை, ஸ்கிம்மரை இரண்டு மணி நேரம் நிறுத்துங்கள். குமிழி போய்விட்டால் ஸ்கிம்மர்தான். புது ஸ்கிம்மர் என்றால் ஓரிரு வாரம் இப்படித்தான் துப்பும். உள்ளே ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு போய், உயிர்ப்படலம் படிந்தால் தானே அடங்கும். நிறுத்தியும் குமிழி வந்தால் ஸ்கிம்மரைத் திட்டுவதில் பயனில்லை.

அலைமேடை
அதற்கு முன்னால் ஒரு கேள்வி. இதைப் போக்கியே ஆக வேண்டுமா? காற்றைப் பொடிக்குமிழியாக விடும் மரத்தாலான ஏர்ஸ்டோனை இரவில் ரிட்டர்ன் பம்பின் வாயருகே வைத்து, வேண்டுமென்றே டேங்குக்குள் நுண்குமிழி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பவளத்தின் மேல் படிந்த சளியும் அழுக்கும் கிளம்பிவிடும் என்பது அவர்கள் கணக்கு. காற்றோட்டம் கூடினால் இரவில் இறங்கும் பிஹெச்சும் கொஞ்சம் தாங்கும். உங்களுக்கு உறுத்துவது கண்ணுக்குத்தான், பவளத்துக்கு இல்லை.

ஈரக்கை
அலைமேடை அண்ணா, எல்லாரும் பவளம் மட்டுமா வளர்க்கிறார்கள்? கடற்பஞ்சு வைத்திருக்கிறவரைக் கேளுங்கள். அதன் துளைக்குள் காற்று புகுந்து தங்கினால் அந்த இடம் வெளுத்து அழுகிவிடும். பம்ப் காற்றை உறிஞ்சி அழுத்தத்தில் தண்ணீரோடு கலந்தால், மீனுக்கு வாயுக்குமிழி நோயும் வரலாம். கண்ணிலும் துடுப்பிலும் குமிழி கட்டும். கொலம்பியா ஆற்றில் அணைகளுக்குக் கீழே சால்மன் மீன்கள் செத்தது இதனால்தான். தண்ணீரில் கரைந்த வாயு, இயல்பாகக் கரைந்து நிற்கும் அளவில் 110 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்காவில் வரம்பே வைத்திருக்கிறார்கள்.

அலைமேடை
அந்த அணைகளில் தண்ணீர் காற்றையும் இழுத்துக்கொண்டு ஆழமான மடுவில் போய் விழுகிறது. 10 மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. நம் சம்பிலிருந்து டேங்குக்கு ஐந்து அடி, மிஞ்சிப்போனால் 0.15 வளிமண்டலம்.

ஈரக்கை
அப்படியானால் நூறோடு பதினைந்து சேர்ந்து 115 சதவீதம் ஆகிறதே, வரம்பைத் தாண்டிவிட்டதே!

அலைமேடை
கரைவதற்கு நேரம் வேண்டாமா? குழாயில் தண்ணீர் இருப்பது சில நொடி. அப்புறம் மேற்பரப்பு, தண்ணீர் சம்புக்கு வழியும் ஓவர்ஃப்ளோ, ஸ்கிம்மர் என்று வழிநெடுக வாயு வெளியேறிக்கொண்டே இருக்கிறது. பெரிய பண்ணைகளில், வெளியே வைத்த பம்பின் உறிஞ்சு குழாயில் ஓட்டை விழுந்தால் இந்த நோய் வரும், மறுக்கவில்லை. நான்கு அடி டேங்கில் குமிழி தெரிகிறது என்பதற்காக அதைச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். கடற்பஞ்சு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி.

ஈரக்கை
விளக்கின் மேல் உப்புப் பூப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே வந்து வெடிக்கும் ஒவ்வொரு குமிழியும் ஒரு துளி உப்புநீரைத் தெறிக்கிறது. ஃபிட்டிங்கைத் துடைத்துத் துடைத்து அலுத்துவிட்டது.

நீலத்திரை
என்னிடம் கடற்பஞ்சு இல்லை, ஆனால் பார்க்கவே பிடிக்கவில்லை. ஸ்கிம்மரை நிறுத்திப் பார்த்தேன். கொஞ்சம்தான் குறைந்தது. குழாய் இணைப்பில் எங்காவது காற்று இழுக்குமா? பம்ப் சம்புக்குள் மூழ்கித்தான் இருக்கிறது.

கொளத்தூர்க்காரன்
எல்லா இணைப்பிலும் டெஃப்லான் டேப் சுற்றுங்கள்.

சம்ப்சித்தர்
எதற்கு? பம்புக்கு மேலே உள்ள குழாயில் அழுத்தம் வெளிப்பக்கமாக இருக்கிறது. அங்கே ஓட்டை இருந்தால் பெரும்பாலும் தண்ணீர்தான் சொட்டும். காற்றை இழுப்பது பம்புக்கு முன்னால் உள்ள குழாய், மூழ்கிய பம்பில் அது இல்லவே இல்லை.

நீலத்திரை, நீங்களே துப்பு கொடுத்திருக்கிறீர்கள்: காலையில் குறைவு, இரவில் அதிகம். ஸ்கிம்மருக்கு மணி தெரியாது. தண்ணீர் எப்போது ஊற்றுகிறீர்கள்? மின்விசிறி ஓடுகிறதா?

நீலத்திரை
சென்னை வெயிலுக்கு இரண்டு விசிறி ஓடுகிறது. காலையில் ஆர்ஓ தண்ணீர் ஊற்றுவேன், ஐந்து லிட்டர் பிடிக்கும்.

சம்ப்சித்தர்
அதுதான். டேங்கின் மட்டத்தை ஓவர்ஃப்ளோவும், முதல் இரண்டு அறைகளின் மட்டத்தைத் தடுப்புகளும் பிடித்து வைத்திருக்கின்றன. ஆவியாகிப் போகும் தண்ணீர் முழுவதும் ரிட்டர்ன் அறையில்தான் குறையும். அறை 30 சென்டிமீட்டருக்கு 25 என்று வைத்துக்கொண்டால், ஐந்து லிட்டருக்குக் கிட்டத்தட்ட 7 சென்டிமீட்டர் இறங்கும். இரவு எட்டு மணிக்கு டார்ச் அடித்துப் பாருங்கள்: பம்பின் வாய்க்கு நேர் மேலே ஒரு சிறு குழி சுழலும், அதன் அடியிலிருந்து ஊசி மாதிரி காற்று இறங்கி உள்ளே போகும். பம்பின் இறக்கை அதைப் பொடியாக அரைத்து மேலே அனுப்புகிறது. நல்ல தண்ணீராக இருந்தால் அந்தக் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி மேலே போய்விடும். உப்புநீர் அவற்றைச் சேரவிடாது. ஸ்கிம்மர் கடல்நீரில் வேலை செய்வதற்கும் இதே குணம்தான் காரணம்.

கொளத்தூர்க்காரன்
அப்படியானால் காலையிலேயே பத்து லிட்டர் ஊற்றிவிட்டால் போச்சு.

சம்ப்சித்தர்
கரண்ட் போனால்? பம்ப் நின்றதும் டேங்கிலிருந்தும் குழாயிலிருந்தும் தண்ணீர் சம்புக்குத் திரும்பி இறங்கும். அதற்கு இடம் விடாமல் நிரப்பினால் கூடம் முழுக்க உப்புநீர். பம்பை நிறுத்திப் பார்த்து, அந்த மட்டத்துக்கேற்ப ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். தானாக நிரப்பும் ஏடிஓ வைத்தால் மட்டம் இரவும் பகலும் அசையாது. பம்பை ஒரு படி குறைத்தாலும் நல்லது. டேங்குக்குள் அலையைத்தான் வேவ்மேக்கர் பார்த்துக்கொள்கிறதே.

நீலத்திரை
எட்டரைக்குப் பார்த்தேன். சுழி இருந்தது, காற்று இறங்குவதும் தெரிந்தது. கோடு வரை ஊற்றினேன், முக்கால்வாசி அடங்கிவிட்டது. மிச்சம் ஸ்கிம்மரின் வெளிவாயிலிருந்து வருவது.

கொளத்தூர்க்காரன்
அந்த மிச்சத்துக்காவது ஸ்பாஞ்ச் வையுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை பழைய டேங்க் தண்ணீரில் பிழிந்து கழுவுகிறேன், என் நைட்ரேட் ஏறவில்லை.

சம்ப்சித்தர்
நீங்கள் கழுவுவீர்கள். எத்தனை பேர் கழுவுவார்கள்? ஸ்கிம்மர் அறைக்கும் ரிட்டர்ன் அறைக்கும் நடுவே மூன்று பாஃபிள் (தடுப்புப் பலகை), ஒன்றின் மேலே ஒன்றின் கீழே தண்ணீர் போகிற மாதிரி, இடைவெளி ஒரு அங்குலம். குமிழி தானே மேலேறிப் போய்விடும். கழுவும் வேலையே கிடையாது.

கொளத்தூர்க்காரன்
ஓடுகிற சம்பைக் காலி செய்து, துடைத்து, சிலிகான் ஒட்டி, அது காய ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதுவரை ஸ்கிம்மரும் ஓடாது, ரிட்டர்னும் ஓடாது. நீங்கள் வந்து ஒட்டிக் கொடுப்பீர்களா?

நீலத்திரை
இன்னும் ஒரு வாரம் ஸ்கிம்மர் பழகுகிறதா என்று பார்க்கிறேன். அதுவரை ஸ்பாஞ்சும் வேண்டாம், சிலிகானும் வேண்டாம். ஏடிஓவில் மிதவை வைத்தது நல்லதா, ஆப்டிகல் சென்சாரா?

ஈரக்கை
அதற்குத் தனி இழை போடுங்கள், இல்லையென்றால் இவர்கள் இருவரும் இங்கேயே மறுபடி ஆரம்பித்துவிடுவார்கள்.