அப்பாவுக்கு ரோட்டில் அடிபட்டது: கட்டிய பணம் திரும்ப வருமா?

போன செவ்வாய் ராத்திரி ஒன்பதரை மணி. பெரம்பலூர் பக்கம் எதிரே வந்த பைக் உரசி அப்பா விழுந்துவிட்டார். நெற்றி கிழிந்து, வலது மணிக்கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பின்னால் என் வண்டியில் வந்துகொண்டிருந்தேன். டீக்கடைக்காரர் 108-க்குப் போன் போட்டார். எனக்குத்தான் பொறுமையில்லை. சரக்கு ஆட்டோவை நிறுத்தி, பக்கத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய்விட்டேன்.

அப்பா ஸ்ட்ரெச்சரில் துண்டை நெற்றியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு கிடக்க, கவுன்டரில் "முதல்ல இருபதாயிரம் கட்டிட்டு வாங்க" என்றார்கள். மாமா ஜிபேயில் அனுப்பிய பிறகுதான் தையலே போட்டார்கள். கடைசியில் பில் 38,400. விபத்துக்கு 48 மணி நேரம் இலவசம் என்று பக்கத்துக் கட்டில்காரர் மறுநாள் சொல்கிறார். இனிமேல் கேட்டால் கிடைக்குமா?

பதில் 1
அரசு ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில் நர்ஸாக இருக்கிறேன். நீங்கள் சொல்வது 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' என்ற அரசுத் திட்டம். 2021 டிசம்பரில் வந்தது. காப்பீட்டு அட்டை வேண்டாம், வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. ஆனால் திட்டத்தின் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியாக இருக்க வேண்டும். நோயாளி கையில் பணம் தருகிற திட்டமும் இல்லை. சிகிச்சைப் பணத்தை அரசு நேராக அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் கொடுக்கும். நீங்கள் போன ஆஸ்பத்திரி பட்டியலில் இருந்துகொண்டே வசூலித்திருந்தால் புகார் கொடுங்கள். 104 சுகாதார உதவி எண்ணில் விசாரியுங்கள். ஏ.ஆர். (போலீஸ் கேசுக்காக ஆஸ்பத்திரியில் எழுதும் விபத்துப் பதிவு) எழுதினார்களா?

பதில் 2
ஆட்டோவில் கொண்டுபோனதற்கு வருத்தப்படாதீர்கள் தம்பி, அந்த நேரத்தில் யாரும் அதைத்தான் செய்வார்கள். என் மச்சானை 108-ல் ஜி.எச்.சுக்குக் கொண்டுபோனோம். வாசலிலேயே பார்த்து உயிருக்கு உடனே ஆபத்தில்லாதவர்களுக்கான மஞ்சள் பகுதிக்கு அனுப்பிவிட்டார்கள். உயிருக்குப் போராடுகிறவர்களுக்கான சிவப்புப் பகுதியில் ஆள் வந்துகொண்டே இருந்ததால் எலும்பு டாக்டர் வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. எரிச்சல்தான், ஆனால் யாரும் காசு கேட்கவில்லை.

கேட்டவர்
நன்றி சிஸ்டர், நன்றி அண்ணா. இப்போதுதான் பைலைப் புரட்டினேன். ஏ.ஆர். நம்பர் என்ற இடம் காலியாக இருக்கிறது. "வண்டியிலிருந்து விழுந்தார்" என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள், மோதிய பைக் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாளைக் காலையில் ஸ்டேஷனுக்குப் போகிறேன். டீக்கடைக்காரர் சாட்சிக்கு வருவதாகச் சொல்கிறார். அப்பா வண்டியும் இன்னும் அவர் கடையில்தான் நிற்கிறது.